வீட்டு வரியும் வாழும் தெருவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் பெரிதும் தயங்கினோம். கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் புலவர்கள் பேசக் கேட்ட மேடை இது. நாங்களோ பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தர் வேலை பார்த்து வருகிறோம். எங்களிடம் என்ன பொருள் இருக்கிறது பேசுவதற்கு என்று வீட்டில் கலந்துகொண்டோம். இல்லத்தரசி சட்டென்று விடை சொன்னாள்: "வீடு தேடி நாம் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். நம் காலனிப் பிள்ளைகள் வேலை கிடைத்து ஊர் ஊராகப் புறப்படுகிறார்கள். அவர்களுக்காவது பயன்படட்டும்." ஆகவே அதையே இன்று பேச வந்திருக்கிறோம். புதிய வேலைக்காகப் புதிய ஊருக்கோ நகரின் மறு மூலைக்கோ குடிபெயரும்போது, வீட்டு வரியையும் குடியிருக்கும் பகுதியையும் எப்படிச் சீர்தூக்கிப் பார்ப்பது என்பதே நம் பொருள்.

நம் காலனியில் வாழும் குடும்பங்களுக்கு வீட்டு வரி என்பது காதால் கேட்ட சொல். கையால் வாங்கிய தாள் அன்று. குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அங்கேயே மணமுடித்தவர்களும் நம்மிடையே உண்டு. நாடாளுமன்றம் வேறுவகை செய்தாலன்றி ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநில அரசோ உள்ளாட்சியோ வரி விதிக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 285-ஆம் பிரிவு கூறுகிறது. ரயில்வேயின் வீடு ஒன்றிய அரசின் வீடு. எனவே வரித்தாள் நம் வாயிற்படி ஏறுவதில்லை. சம்பளத்தில் சிறு தொகை பிடிப்பார்கள். வீட்டு வாடகைப்படி கிடைக்காது. அத்தோடு கணக்கு முடிந்தது. குழாய் பழுதானால் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வருகிறோம். இப்படி வாழ்ந்து பழகியவர்கள் வெளியே சென்று வீடு பார்க்கும்போது எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது என்றே தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

2012-ஆம் ஆண்டில் நாங்கள் மாற்றலாகி டில்லிக்கு வந்தோம். குவார்ட்டர்ஸுக்குப் பெயர் பதிந்தோம். வரிசை நீளமாக இருந்தது. அம்மா, இரு பிள்ளைகள், நாங்கள் இருவர் ஆக ஐந்து பேர். வாடகை கொடுத்து மாளவில்லை. அப்போது ஒரு தரகர் வந்தார். "சொந்தமாகவே ஒரு தளம் வாங்கிவிடுங்கள். விலையும் குறைவு, வரியும் குறைவு. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது" என்றார். அந்த ஒரு சொல்லில் நாங்கள் மயங்கினோம். வருங்கால வைப்பு நிதியில் எடுத்த பணமும் இல்லத்தரசியின் பத்துச் சவரனும் சேர்ந்து 11 லட்சம் ரூபாய் ஆயிற்று. நகரின் எல்லையோரம் அங்கீகாரமில்லாத ஒரு காலனியில், மூன்றடுக்குக் கட்டடத்தின் நடுத்தளத்தை வாங்கினோம். வரி ரசீது எங்கள் பெயருக்கு வந்த நாளில் இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். அந்த ரசீதையே பட்டாவென்று எண்ணிப் பூசையறையில் வைத்தோம்!

அன்பர்களே, எங்கள் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். சரக்கு அனுப்ப வரும் வியாபாரி முதலில் கேட்பது கட்டணம் என்ன என்பதுதான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எவ்வளவு என்று கேட்கமாட்டார். குறித்த நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் ஏறும். இறக்கிய சரக்கைக் காலத்தில் எடுத்துச் செல்லாவிட்டால் வார்பேஜ் ஏறும். இவற்றையெல்லாம் பிறகு கண்டு எங்கள் சன்னலில் வந்து சண்டையிடுவார். "முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா?" என்று நாங்கள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறோம். ஊருக்குச் சொன்ன புத்தியை நாங்கள் எங்கள் வீட்டு வரைக்கும் கொண்டுவரவில்லை.

வரி குறைவுதான், தரகர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் இல்லை. தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு ஓட வேண்டும். வராத நாளில் விலைக்கு வாங்க வேண்டும். மாதம் 900 ரூபாய் தண்ணீருக்கே போயிற்று. அளவுக்கருவியோடு குழாய் இணைப்பு உள்ள வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்று டில்லி அரசு 2015-இல் அறிவித்தபோது, குழாயே இல்லாத நாங்கள் அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டுக் கேனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தோம். ஓராண்டில் கட்டிய வரி, ஒரு மாதத் தண்ணீர்ச் செலவுக்கு ஈடாயிற்று.

அது பணக்கணக்கு. அதைத் தாங்கிக்கொண்டோம். தாங்க முடியாத ஒன்று 2016 டிசம்பரில் நேர்ந்தது. பனி மூடிய இரவு. அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. எங்கள் சந்தின் அகலம் எட்டடி. அதிலும் இருபுறமும் வீட்டுப் படிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இடையில் மோட்டார் சைக்கிள்கள். ஸ்ட்ரெச்சர் எங்கள் குறுகிய மாடிப்படியில் திரும்பவில்லை. எதிர்வீட்டில் பீகாரிலிருந்து வந்த தையற்காரர் ஒருவர், கீழ்த்தளத்தில் கட்வால் பக்கத்துக் காவலாளி ஒருவர். அவர்கள் இருவரும் அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, போர்வை சுற்றி, தோளில் சுமந்து சாலை வரை கொண்டுசென்றார்கள். நாங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தோம். வாகனம் வந்து நின்ற நேரத்துக்கும் அம்மாவை அதில் ஏற்றிய நேரத்துக்கும் இடையே நாற்பது நிமிடம். நான்காம் நாள் அம்மா மருத்துவமனையில் காலமானார்கள். முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று மருத்துவரிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை.

இதை உங்கள் முன் சொல்வதால் அத்தெருவை இழித்துரைக்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த இருவரைப் போன்ற அண்டை வீட்டாரை நாங்கள் எங்கும் கண்டதில்லை. சந்து குறுகியது; மனம் விரிந்தது. ஆனால் மனத்தின் அகலத்தைக் கொண்டு ஆம்புலன்ஸை உள்ளே கொண்டுவர முடியாதே! ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

அடுத்த ஆண்டு வீட்டை விற்க முயன்றபோதுதான் எங்கள் அறியாமையின் முழு அளவும் தெரிந்தது. வாங்க வந்தவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார். வங்கியில் பதிவு செய்த கிரையப் பத்திரம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது பவர் பத்திரம், ஒப்பந்தத் தாள், பணம் பெற்ற ரசீது, ஓர் உயில். பவர் பத்திரத்தைக் கொண்டு செய்யும் விற்பனையால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாங்கள் வாங்கியது அதற்கு மறு ஆண்டு! பூசையறையில் வைத்திருந்த வரி ரசீதைக் காட்டினோம். "வரி கட்டியதற்கு இது சான்று, உரிமைக்குச் சான்று அன்று" என்று வங்கி அலுவலர் மெல்லச் சொன்னார். முடிவில் ரொக்கம் கொடுத்தவருக்கு எட்டரை லட்சத்துக்கு விற்றோம். இரண்டாண்டு கழித்து, 2019-இல், டில்லியின் 1,731 அங்கீகாரமில்லாத காலனிகளில் வாழ்வோர்க்குச் சொத்துரிமை வழங்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வசதி படைத்தோர் வாழும் 69 காலனிகளை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அங்கே தங்கியவர்கள் பலருக்கு அது பெரிய ஆறுதல். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற்போயிற்று. நல்வினையாக அதற்குள் குவார்ட்டர்ஸ் கிடைத்து, இந்தக் காலனிக்கு வந்து உங்களோடு சேர்ந்தோம்.

இந்தக் கதையை நாங்கள் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. சொல்ல வைத்தவன் எங்கள் தங்கை மகன். அவனுக்குச் சென்ற ஆண்டு நோய்டாவில், செக்டார் 62-இல், ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. திருச்சிப் பொன்மலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் மூன்று இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, வரி என்று இரண்டு பத்திகள் போட்டிருந்தான். வரி மிகக் குறைந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான். "மாமா, அம்மா நிலத்தை விற்றுப் பணம் தருகிறேன் என்கிறார்கள். இதையே முடித்துவிடலாம் அல்லவா?" என்றான். அந்த வட்டத்தைப் பார்த்ததும் எங்களுக்குப் பகீரென்றது. நாங்கள் ஏமாந்த அதே வகைக் காலனி!

அன்றிரவு அவனை உட்காரவைத்து வரிக்கணக்கை முதலில் விளக்கினோம். அதை உங்களுக்கும் சொல்கிறோம். கணக்கு கடினமன்று.

டில்லி மாநகராட்சி 2004-ஆம் ஆண்டு முதல் அலகுப் பரப்பு முறையில் வரி விதிக்கிறது. நகரின் காலனிகளை ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வசந்த் விஹார், கோல்ஃப் லிங்க்ஸ் போன்ற செல்வர் பகுதிகள் ஏ வகை. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு மதிப்பு 630 ரூபாய். பி-க்கு 500, சி-க்கு 400, டி-க்கு 320, இ-க்கு 270, எஃப்-க்கு 230, ஜி-க்கு 200, எச்-க்கு 100. கட்டிய பரப்பை இந்த மதிப்பால் பெருக்க வேண்டும். பிறகு கட்டடத்தின் வயதுக்கு ஓர் எண் உண்டு. 1980-களில் கட்டியதானால் 0.8; 2000-க்குப் பின் கட்டியதானால் 1. உரிமையாளர் தாமே குடியிருந்தால் 1. வாடகைக்கு விட்டிருந்தால் 2. இவற்றாலும் பெருக்கி வரும் தொகையில் ஒரு விழுக்காடுதான் வரி. மூன்றாகப் பிரிந்திருந்த மாநகராட்சி 2022-இல் மீண்டும் ஒன்றானபோது குடியிருப்புகளுக்கு ஏ, பி வகைகளில் 12 விழுக்காடு. சி, டி, இ வகைகளில் 11. எஃப், ஜி, எச் வகைகளில் 7 என்று இருந்தது. இவ்விழுக்காடும் இதனோடு சேரும் சிறு தீர்வைகளும் மாறக்கூடியவை. ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 60 சதுர மீட்டர். ஒன்று ஜி வகைக் காலனியில் புதிதாகக் கட்டிய தளம். 60-ஐ 200-ஆல் பெருக்கினால் 12,000. அதில் 7 விழுக்காடு 840 ரூபாய். மற்றொன்று டி வகைப் பகுதியில் 1980-களில் கட்டிய பழைய அடுக்ககம். 60, 320, 0.8 மூன்றையும் பெருக்கினால் 15,360; அதில் 11 விழுக்காடு ஏறத்தாழ 1,690 ரூபாய். இரண்டுக்கும் வேறுபாடு ஆண்டுக்கு 850 ரூபாய். மாதத்துக்கு 71 ரூபாய்!

தங்கை மகன் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "மாமா, இதற்காகவா வட்டமிட்டேன்?" என்றான். ஆமாம் அப்பா, நாங்களும் இதற்காகவே பத்துச் சவரனைக் கொடுத்தோம் என்றோம்.

வரித்தாளைப் பார்க்கவே வேண்டாமென்று சொல்லவில்லை. அதை வேறுவிதமாகப் படிக்க வேண்டும். அந்த எழுத்து ஏன் ஜி ஆயிற்று, ஏன் டி ஆயிற்று என்று கேட்க வேண்டும். சாலை, வடிகால், கடைவீதி, நிலத்தின் விலை இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் ஒரு பகுதிக்கு எழுத்து இடுகிறார்கள். வரி குறைவாயிருந்தால், அங்கே எது குறைவாயிருப்பதால் வரி குறைந்தது என்று தேடிப் போங்கள். அது உங்களால் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறையானால் தாராளமாகக் குடியேறலாம். தேடாமல் குடியேறுவதுதான் தவறு.

அவனுடைய இரண்டாவது இடம் நோய்டாவில் ஓர் உயர்ந்த அடுக்ககம். அதற்கு எதிரே 'வரி இல்லை' என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தான். 1976-இல் உத்தரப்பிரதேசத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த ஊர் நோய்டா. மாநகராட்சி இன்றி ஓர் ஆணையத்தின் பொறுப்பில் வளர்ந்தமையால் டில்லியைப் போன்ற வீட்டு வரித்தாள் அங்கே வருவதில்லை. ஆனால் நிலம் 90 ஆண்டுக் குத்தகை. குத்தகைக்கு வாடகை உண்டு. வீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற ஆணையத்தின் அனுமதியும் கட்டணமும் உண்டு. இவை ஒருபுறம் இருக்கட்டும். அடுக்ககத்தின் பராமரிப்புக் கட்டணம் என்ன என்று கேட்டோம். அதை அவன் விசாரிக்கவில்லை. சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 1,000 சதுர அடிக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. பழைய அடுக்ககத்தின் வரி 1,690 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். லிஃப்டும் காவலும் மின்தடையில் ஜெனரேட்டரும் வேண்டுமென்றால் அது நியாயமான செலவே. 'வரி இல்லை' என்ற சொல்லைக் கேட்டு மட்டும் போகக் கூடாது.

டில்லிக்கு வெளியே போகும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து சொத்து வரி விலக்கு அளித்தார்கள். நல்ல செய்திதான், ஆயினும் அந்நகரில் 500 சதுர அடி வீட்டுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்பதை அங்குள்ள நம் உறவினரைக் கேளுங்கள். பெங்களூரில் 'பி கத்தா' என்று ஒரு பதிவேடு உண்டு. விதிப்படி அனுமதி பெறாத சொத்துகளிடமும் வரி வாங்குவதற்கென வைத்த பதிவேடு அது. பி கத்தாவில் பெயர் இருக்கிறது, வரியும் கட்டுகிறோம், ஆகவே எல்லாம் ஒழுங்கு என்று எண்ணி வாங்கிவிட்டு, பிறகு கடனுக்கும் கட்டட அனுமதிக்கும் அலைந்தவர்கள் பலர். ஊர் வேறு, பெயர் வேறு. எங்கள் பூசையறை ரசீதின் கதைதான் அங்கும்.

தங்கை மகனின் நோட்டுப் புத்தகத்தில் அன்றிரவு நாங்கள் மேலும் ஐந்து பத்திகள் போட்டோம். அவற்றை இங்கே வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பத்திரம். பதிவு செய்த கிரையப் பத்திரம் உண்டா? வில்லங்கம் உண்டா? பழைய வரிப் பாக்கி உண்டா? டில்லியில் வரிப் பாக்கி சொத்தையே பற்றி நிற்கும். விற்றவர் போய்விடுவார், பாக்கி நம்மிடம் வரும். பதிவு செய்யும்போது வீட்டுப் பெண்மக்களின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். டில்லியில் பெண்கள் பெயரில் பதிந்தால் முத்திரைக் கட்டணம் ஆடவரைவிட 2 விழுக்காடு குறைவு. தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு 200 சதுர மீட்டர் வரை பெண்களுக்கும் முதியோர்க்கும் வரியில் 30 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு.

இரண்டாவது, தண்ணீரும் வழியும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று பெண்களிடம் கேளுங்கள், ஆடவர்க்குத் தெரியாது. மழை பெய்த மறுநாள் போய்த் தெருவைப் பாருங்கள். சந்தின் அகலத்தை அடியால் அளந்து பாருங்கள். இதை ஏன் சொல்கிறோம் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்கப் போனால் எல்லா இடமும் அருகில்தான். திங்கட்கிழமை அலுவலக நேரத்தில் அங்கிருந்து ஒருமுறை வேலையிடத்துக்குப் போய் வாருங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் வழியிலேயே கழிந்தால், மாதம் 25 வேலை நாளுக்கு 50 மணி. ஆண்டுக்கு 600 மணி. அதாவது இரவும் பகலுமாக 25 முழு நாள். இந்த நாளைக் கேட்டு வாங்கும் வரி அலுவலகம் எதுவும் இல்லை; ஆனாலும் கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

நான்காவது, வரித்தாளில் வராத செலவு. பராமரிப்பு, தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம், மின்தடைக்கு இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஆண்டுக் கணக்காக்கி வரியோடு கூட்டுங்கள். வாடகை வீடானால், வாடகைக்கு விட்டமையால் இரட்டிப்பாகும் வரியை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரயில்வேயிலுள்ள நம்மவர்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறுவதானால் வாடகைப்படியையும் கணக்கில் சேர்க்கலாம். டில்லி போன்ற பெருநகரங்களில் 2024 ஜனவரி முதல் அது அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு ஆயிற்று.

ஐந்தாவது, மனிதர். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் பகலெல்லாம் யாரோடு பேசுவார்? குழந்தை எங்கே படிக்கும்? டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஜனக்புரி, மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா சாலை முதலிய இடங்களில் இருப்பதால்தான் அவற்றைச் சுற்றி நம் குடும்பங்கள் பல வீடு தேடின. அதற்காகத் தமிழர் இருக்கும் தெருதான் நல்ல தெரு என்று நாங்கள் சொல்லமாட்டோம். எங்கள் அம்மாவைச் சுமந்தவர்கள் தமிழர் அல்லர். மாலை நேரத்தில் போய் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டி, இங்கே குடிவரலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் கதவைத் திறக்கும் முறையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் தங்கை மகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். எதையும் வாங்கவில்லை! தெரியாத ஊரில் முதல் ஆண்டு வாடகைக்கு இருப்பதே அறிவு என்று முடிவு செய்தோம். மூன்றாவது இடமாக அவன் எழுதியிருந்தது மயூர் விஹாரில் டில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய அடுக்ககம் ஒன்று. அதன் மூன்றாம் மாடி வேண்டாமென்று தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரு சிறு வீட்டைப் பிடித்தோம். வழக்கம்போல் 11 மாத ஒப்பந்தம்; ஓராண்டைக் கடந்த குத்தகையானால் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வீட்டுக்கு அருகே ஏறும் மெட்ரோவின் நீல வழித்தடம் அவன் அலுவலகப் பக்கம் வரை செல்கிறது. 2019-இல் அத்தடம் செக்டார் 62 வரை நீண்டதால் வந்த வசதி அது. பொன்மலையிலிருந்து தங்கையும் வந்துவிட்டாள். நிலம் விற்கப்படாமல் அங்கேயே இருக்கிறது. போன மாதம் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இல்லத்தரசி வாசலில் நின்று தெருவை இருபுறமும் பார்த்தாள். "வண்டி உள்ளே வரும்" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். எங்கள் இருவருக்கு மட்டுமே அதன் பொருள் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

முடிப்பதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் செய்தித்தாள் மேசையருகே ஒரு பெரிய குறிப்பேடு வையுங்கள். இக்காலனியிலிருந்து எந்த ஊருக்குக் குடிபோனாலும், அந்தக் குடும்பம் ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். பகுதி எது, வாடகை என்ன, வரி என்ன, தண்ணீர் எப்படி, பத்திரம் எப்படி, பள்ளி எது, அண்டை வீட்டார் எப்படி என்று எழுதினால் போதும். இலக்கணப் பிழை இருந்தாலும் குற்றமில்லை. அடுத்துப் புறப்படும் பிள்ளை தரகரிடம் போவதற்கு முன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்ப்பான். 2012-இல் அப்படி ஓர் ஏடு எங்கள் கைக்குக் கிடைத்திருந்தால் இந்த உரைக்கே தேவை இருந்திராது.

முதல் பக்கத்தை நாங்களே எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். இதோ, தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம்.